நாற்பது வினாடி

பாயான் லெபாஸ் தொழிற்பேட்டை, இரவு பதினொன்றேகால்.
எண்பத்தைந்து பாகையில் கொதிக்க வேண்டிய சோதனை அடுப்பு
ஐம்பத்தெட்டில் முணுமுணுக்கிறது.
ஆயிரத்து இருநூறு சில்லுகள்
வியர்க்காமலே தேர்வெழுதித் தேறிவிட்டன.

"யாரோ நம்பர மாத்திட்டாங்க" என்கிறான் பவித்திரன்.
யாரும் மாற்றவில்லை என்கிறது திரை.
கிட் ஸ்டேட்டஸ் அடிக்கிறேன்.
சுத்தம். பதிவு செய்ய ஒன்றுமில்லை.
மறுபடி அடிக்கிறேன், விசையைக் கொஞ்சம் ஓங்கி,
காது மந்தமானவரிடம் குரல் கூட்டுவதுபோல்.
சுத்தம்.

கோப்பைத் திறந்தால் கண்ணெதிரே கிடக்கிறது:
நாற்பத்தோராம் வரி. 58.

சியூ லிங் நாற்காலியோடு உருண்டு வருகிறாள்.
"ஏழாம் மாசம்லா. கேக்காத."
அவள் சொல்வதற்கு வாகாய்
சுங்கை நிபோங் பக்கமிருந்து
பேய்களுக்கான கூத்தின் ஒலிபெருக்கி.
முன்வரிசை நாற்காலிகளைக் காலியாகவே விட்டிருப்பார்கள்.

பேய்க்குக் கடவுச்சொல் தெரியாது.
ஆகவே அடியிலிருந்து யோசிக்கிறேன்.

இந்த மென்பொருள் எல்லாக் கோப்பையும் படிப்பதில்லை.
நம் வாசல் காவலர் ரொஸ்லானைப்போல:
ஸ்டிக்கர், எண், காரின் நிறம்
நேற்றைப்போல் இருந்தால் தடுப்புக்கம்பம் மேலே போகும்.
உள்ளே யார் என்று குனிந்து பார்க்கமாட்டார்.
பின்னால் ஹாரன் அடிக்கும் முந்நூறு பேருக்கு
அவர் வேறு என்னதான் செய்வார்?

எத்தனை பைட், எப்போது எழுதியது, வட்டில் எந்த இடம்:
இதில் ஒன்று பிசகினால்தான்
பிரித்துப் படித்துக் கைரேகை எடுக்கும்.

85.
58.
அதே இரண்டு இலக்கம், இடம் மாறி உட்கார்ந்தவை.
எடை கூடவுமில்லை, குறையவுமில்லை.
நேரம்?

அடுப்புக் கம்பெனி கொடுத்த நிரல்
எழுதி முடித்ததும் கடிகாரத்தைப்
பழைய மணிக்கே திருப்பி வைக்கிறது,
முறுக்கைத் தின்றுவிட்டு டப்பா மூடியை
அழுத்திப் போடும் பிள்ளைபோல.

பிடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தபோது
"ரெண்டாவது மணி ஒன்னு இருக்கே அக்கா" என்கிறான்.
இருக்கிறது.
இயங்குதளம் தன் கையால் மட்டும் எழுதும் மணி,
எந்த நிரலும் அதைத் திருப்ப முடியாது.
பார்த்தோம். இன்று மாலை ஆறு இருபது என்று
உள்ளதை உள்ளபடி சொல்கிறது.
கேட்கத்தான் ஆளில்லை.

அமைப்பு நிரலில் ஒரு வரி:
இரண்டாம் மணியை நம்பாதே.

எந்த வரியை எவர் எழுதினார் என்று
ஆள்காட்டும் கட்டளை ஒன்று உண்டு.
அடித்தேன்.
மூன்று வருடம் முந்தைய வெள்ளிக்கிழமை,
மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.
தர்ஷணா.
குறிப்பு: "தொல்லை. நிறுத்திவிட்டேன்."

பவித்திரன் திரையைப் பார்க்காதவன்போல்
தேவையில்லாத ஒரு கேபிளைச் சுருட்டத் தொடங்கினான்.

நினைவிருக்கிறது.
நகலெடுக்கும் நிரல் இரவெல்லாம்
ஒவ்வொரு கோப்பாய்த் தொட்டுவிட்டுப் போகும்.
விடிந்தால் பதினோராயிரமும் சந்தேகக் கேஸ்.
அத்தனையும் திறந்து, படித்து, குற்றமில்லை என்று விட
நாற்பது வினாடி பிடிக்கும்.
அன்று பாலம் நெரிவதற்குள்
பட்டர்வொர்த் போய்ச் சேர வேண்டும் எனக்கு.
போய்ச் சேர்ந்தேனா என்பது நினைவில்லை.

வரியை அழித்தேன்.
குறிப்பில் "பேய் இல்லை" என்று எழுதி, அதையும் அழித்து,
"என் தவறு. இனி நம்பட்டும்" என்று போட்டேன்.

இப்போது அடிக்கிறேன்.
கர்சர் துடிக்கிறது.
தாழப் பறந்து ஒரு விமானம் இறங்குகிறது.
சியூ லிங் வாங்கி வைத்த கோப்பி-ஓவில்
ஈக்கள்கூட ஆர்வமிழந்துவிட்டன.
கூத்தில் யாரோ யாரையோ அழைத்து அழுகிறார்கள்,
எனக்குத் தெரியாத ஹொக்கியனில்.
முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.

சிவப்பில் ஒரே ஒரு பெயர்.

ஆயிரத்து இருநூறையும் மறுபடி அடுப்பில் ஏற்ற
மேலாளர் குணசீலனை எழுப்ப வேண்டியதாயிற்று.
ஆறு முறை ஒலித்தபின் எடுத்தார்.
தூக்கம் அப்பிய குரலில் கேட்டார்:
"இப்ப என்னம்மா மாறிப்போச்சு?"